ஓதம் வழிவிடும் நான்கு மணி நேரம்: பர்சே தீவுக்குப் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறை போனபோது அந்தத் தீவில் நான் கால் வைக்கவே இல்லை. கையில் இருந்த ஓத அட்டவணையில் முழு வற்று நேரம், அதாவது கடல்நீர் மிகத் தாழ்ந்து நிற்கும் நேரம், பகல் 12:40 என்று அச்சாகியிருந்தது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கடல் விலகித் தீவுக்கு நடந்து போகும் பாதை திறந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால் 10:40க்குக் கரையில் போய் நின்றேன். பாதை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. அதன் நடுவே ஒரு சீல் தலையை நீட்டி, இவன் எதற்கு இங்கே நிற்கிறான் என்பதுபோல் பார்த்தது. ஸ்ட்ரோம்னஸ் துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் 11:15க்குக் கிளம்பிவிட்டேன். அட்டவணை கிரீன்விச் நேரத்தில் போடப்பட்டது, கோடையில் பிரிட்டனின் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பது கப்பலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இன்னும் அரை மணி நேரம் நின்றிருந்தால் நடந்தே போயிருக்கலாம்.

இந்த வழிகாட்டியில் நேரக் கணக்குக்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் அந்தச் சீல்தான்.

எந்தத் தீவு, என்ன இருக்கிறது

ஸ்காட்லாந்தின் வடகரைக்கும் அப்பால் ஆர்க்னி தீவுக்கூட்டம். அதில் மிகப் பெரிய தீவுக்கு மெயின்லாந்து என்று பெயர். அதன் வடமேற்கு மூலையில், சுமார் 240 மீட்டர் நீர்ப்பரப்புக்கு அப்பால் கிடக்கிறது ப்ரொஹ் ஆஃப் பர்சே. பரப்பு சுமார் 21 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 52 ஏக்கர். வீடு இல்லை, கடை இல்லை, ஒரு மரம்கூட இல்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்து முதல் சொல்லை ‘ப்ரோ’ என்று வாசித்தால் உள்ளூர்க்காரர்கள் புன்னகைப்பார்கள். கடைசியில் தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஒலி அது. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் கோட்டையைக் குறிக்கும் ‘போர்க்’ என்ற சொல்லிலிருந்து வந்தது.

ஒரு பக்கம் தூக்கி வைத்த முறத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாழ்ந்த விளிம்பு கிழக்கே, கரையைப் பார்த்தபடி. அங்கேதான் பழைய குடியிருப்புகளின் இடிபாடுகள். அங்கிருந்து புல்சரிவு மெல்ல உயர்ந்து மேற்கு விளிம்பில் செங்குத்தான பாறைச் சுவராக முடிகிறது. அந்த உச்சியில் கலங்கரை விளக்கம். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், வரைபடம் தேவையில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற கேள்விக்கு விடையும் இதில்தான் இருக்கிறது.

சந்திரனைப் பார்த்து நாள் குறியுங்கள்

நம் கடற்கரைகளில் வளர்ந்தவர்களுக்கு ஓதம் ஒரு பெரிய விஷயமாகத் தோன்றுவதில்லை. சென்னையில் மிகப் பெரிய ஓதத்தின்போதுகூட நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும். மீனவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள், மற்றவர்கள் கவனிப்பதில்லை. பர்சே பக்கம் அது சுமார் மூன்று மீட்டர். ஆளை மூழ்கடித்துவிட்டு இன்னும் இரண்டு முழத்துக்கு மேல் மிஞ்சும் உயரம். அந்த உயரம் ஆறு மணி நேரத்தில் இறங்கி, அடுத்த ஆறு மணி நேரத்தில் ஏறிவிடுகிறது.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாட்களில் ஏற்றமும் மிக அதிகம், வற்றும் மிக அதிகம். பிரதமை, துவிதியை என்று நாள்காட்டியில் பார்க்கிறோமே, அந்த நாட்கள். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓதம் சோம்பிக் கிடக்கும். நீர் அதிகம் ஏறவும் செய்யாது, அதிகம் வற்றவும் செய்யாது. அப்போது பாதை முழுதாகக் காய்வதற்குத் தாமதமாகும், சீக்கிரமே ஈரமாகிவிடும். எனவே சுற்றுலாத் தேதியை நீங்களே முடிவு செய்ய முடியும் என்றால் அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு அடுத்த மூன்று நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று பாட்டிமார்கள் சொன்னதற்குக் காரணம் வேறு என்றாலும், இந்தத் தீவு விஷயத்தில் அவர்கள் சொன்னது பலிக்கிறது.

பருவம்? மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை. பஃபின் பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை இறுதிக்குள் போய்விட வேண்டும். அதன் பிறகு அவை கடலுக்குத் திரும்பிவிடும். ஜூன் மாதத்தில் இன்னொரு வசதி உண்டு. 59 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் அப்போது இரவு பத்து மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். பகல் வற்று உங்களுக்குத் தோதுப்படாவிட்டால் மாலை வற்றில் போகலாம். ஊழியர் இல்லாத நேரமாக இருக்கும், சிறு காட்சியறை பூட்டியிருக்கும், ஆனால் சாய்ந்த வெயிலில் அந்தக் கற்சுவர்களைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

நேரக் கணக்கு: இதை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள்

அடிப்படை விதி எளிது. முழு வற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பு பாதை திறக்கும், இரண்டு மணி நேரம் பின்பு மூடும். ஆக மொத்தம் நான்கு மணி நேரம். இந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை மீறத் தோன்றாது.

கடலோடிகள் வைத்திருக்கும் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு இது. வற்று முடிந்த முதல் மணி நேரத்தில் நீர் தன் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஏறும். இரண்டாம் மணியில் இரண்டு பங்கு. மூன்றாம் மணியில் மூன்று, நான்காம் மணியிலும் மூன்று, பிறகு இரண்டு, ஒன்று என்று அடங்கும். மொத்த ஏற்றம் மூன்று மீட்டர் என்றால் முதல் மணியில் 25 சென்டிமீட்டர், இரண்டாம் மணியில் 50, மூன்றாம் மணியில் 75. முதல் இரண்டு மணி நேரமும் சேர்ந்து ஏற்றிய அளவை மூன்றாம் மணி ஒன்றே ஏற்றிவிடுகிறது. ‘இன்னும் பத்து நிமிடம்தானே’ என்ற நினைப்பு அங்கே செல்லாது. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் முந்தைய நிமிடத்தைவிட விலை கூடியது.

நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

ஒன்று, அட்டவணை எந்த நேரத்தில் இருக்கிறது? மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கோடை நேரம். கிரீன்விச் நேரத்தில் உள்ள அட்டவணைக்கு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். ஏற்கெனவே கூட்டித் தரப்பட்ட அட்டவணைக்கு நீங்களும் ஒரு முறை கூட்டினால் திரும்பி வரும் நேரம் ஒரு மணி நேரம் பிந்திவிடும். நான் செய்த தவறு நேரத்தைத்தான் வீணாக்கியது. இந்த எதிர்த் தவறு ஆளைத் தீவிலேயே விட்டுவிடும்.

இரண்டு, அட்டவணை எந்த ஊருக்கானது? ஆர்க்னியின் முக்கிய ஊரான கிர்க்வாலுக்கும் ஸ்ட்ரோம்னஸுக்கும் பர்சேக்கும் ஓத நேரம் ஒன்றல்ல. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், இடத்தைப் பராமரிக்கும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து அமைப்பின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். மெயின்லாந்திலேயே உள்ள ஸ்காரா பிரே என்ற கற்காலக் குடியிருப்பின் டிக்கெட் அலுவலகத்தில் கேட்டாலும் கடக்கும் நேரத்தைச் சொல்வார்கள். பாதையோ இடிபாடுகளோ பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கின்றனவா என்பதும் அதே பக்கத்தில் தெரியும்.

மூன்று, வானிலை எப்படி? அட்டவணை சந்திரனையும் சூரியனையும் மட்டுமே அறியும், காற்றை அறியாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். இயல்பான 1013இலிருந்து 980க்கு இறங்கிய ஒரு புயல் நாளில் நீர் 30 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக நிற்கும். அதோடு மேற்குக் காற்றும் பெரிய அலையும் சேர்ந்தால் நான்கு மணி நேரம் என்பது இரண்டாகச் சுருங்கலாம், இல்லாமலும் போகலாம்.

நான்கு, நேற்றைய நேரத்தை இன்றைக்கு வைத்திருக்கிறீர்களா? சந்திரன் நாள்தோறும் பிந்தி உதிப்பதால் வற்று நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

ஓர் எடுத்துக்காட்டு. முழு வற்று உள்ளூர் நேரம் பகல் 1:10 என்று வைத்துக்கொள்வோம். பாதை 11:10க்குத் திறந்து 3:10க்கு மூடும். நீங்கள் 11:15க்கு நடக்கத் தொடங்கினால் 2:30க்குத் திரும்பும் பாதையில் கால் வைத்துவிட வேண்டும். அந்த 40 நிமிடம் கடலுக்குக் கொடுக்கும் முன்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் 2:10க்கு ஓர் அலாரம் வைத்துவிடுங்கள், ஏனென்றால் பஃபின்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

ஆர்க்னிக்கும் பர்சேக்கும் போய்ச் சேர்தல்

எடின்பரோ, கிளாஸ்கோ, இன்வர்னஸ், அபர்டீன் ஆகிய ஊர்களிலிருந்து கிர்க்வாலுக்குச் சிறு விமானங்கள் உண்டு. கார் வைத்திருப்பவர்கள் ஸ்காட்லாந்தின் வடகரையில் உள்ள ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஸ்ட்ரோம்னஸுக்குக் கப்பலில் வரலாம். பயணம் ஒன்றரை மணி நேரம். வழியில் 137 மீட்டர் உயரத்துக்குத் தனியே நிற்கும் ‘ஹோயின் கிழவன்’ பாறைத் தூணைத் தளத்தில் நின்று பார்க்கலாம் என்பதால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். கில்ஸ் பே என்ற இடத்திலிருந்து செயின்ட் மார்கரெட்ஸ் ஹோப்புக்கு வரும் கப்பல் சற்றுக் குறைந்த நேரத்தில் சேர்க்கும்.

கிர்க்வாலிலிருந்து பர்சே சுமார் 32 கிலோமீட்டர். காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பஸ் குறைவு. ஓதமும் பஸ்ஸும் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டு வருவதில்லை. பஸ்ஸை நம்பினால் திரும்பும் நேரத்தை இரட்டிப்பாகச் சரிபாருங்கள். வாடகைக் காரோ சைக்கிளோதான் நிம்மதி. கிராமத்தைத் தாண்டிச் சாலை முடியும் முனையில் வண்டி நிறுத்துமிடம் உள்ளது. அதற்கு முன் கிராமத்தில் உள்ள கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தீவில் கிடையாது.

என்ன எடுத்துப் போக வேண்டும் என்பதற்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, காற்றைத் தடுக்கும் மேலங்கி, தண்ணீர், சாப்பாடு. ஜூலை மாதமாக இருந்தாலும் குல்லாய். குடை வேண்டாம், ஆர்க்னிக் காற்று அதை ஒரு நிமிடத்தில் திருப்பிப் போட்டுவிடும்.

பாதையைக் கடத்தல்

சரிவில் இறங்கியதும் முதலில் கால்படுவது சாய்ந்து கிடக்கும் பலகைக்கற்கள். ஆர்க்னியின் நிலமே இப்படித்தான். அடுக்கடுக்காகப் பிளக்கும் தட்டைக் கல். மரம் இல்லாத இந்தத் தீவுகளில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் கல்லால் கட்டிலும் அலமாரியும் செய்ய முடிந்ததற்குக் காரணம் இந்தக் கல்தான். ஆனால் ஈரமானால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். கான்கிரீட் நடைபாதைக்கு வந்த பிறகும் நடுவில் மட்டும் நடங்கள். ஓரங்களில் பச்சைப்பாசி படிந்திருக்கும். தண்ணீர் இன்னும் பாதையின் மேல் ஓடிக்கொண்டிருந்தால் காலணியைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்தால் அது தானே விலகும்.

இருபுறமும் தேங்கிய குளங்களில் நண்டும் நத்தையும் கிடக்கும். குழந்தைகள் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அதைத் திரும்பும்போது பார்க்கலாம் என்று சொல்லி இழுத்துப் போங்கள். நான் அப்படிச் சொல்லித்தான் பெரியவர்களையும் இழுத்துப் போகிறேன்.

முதலில் கலங்கரை விளக்கம்

இந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்வதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்கிறேன். தீவில் ஏறியதும் இடிபாடுகள் கண்முன்னே விரியும். எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ‘விளக்கையும் பார்த்துவிடலாம்’ என்று மேடேறி, உச்சிக்குப் போனதும் நேரத்தைப் பார்த்து, ஓட்டமும் நடையுமாக இறங்குவார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். தொலைவில் உள்ளதை முதலில் பார்த்துவிடுங்கள். இடிபாடுகளிலிருந்து பாதை தெரியும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சுற்றலாம். உச்சியிலிருந்து அந்த நிம்மதி கிடைக்காது.

புல்சரிவில் மேலே ஏற இருபது நிமிடம் ஆகலாம். விளக்கு உயரமானதல்ல. 11 மீட்டர் வெள்ளைக் கோபுரம், மேலே கோட்டைக் கொத்தளம் போன்ற விளிம்பு. உயரத்தைக் குன்றே கொடுத்துவிடுவதால் ஒளி கடல் மட்டத்திலிருந்து 52 மீட்டரில் நிற்கிறது. 25 விநாடிக்கு ஒருமுறை மூன்று வெள்ளை மின்னல்கள். தெளிவான இரவில் சுமார் 18 கடல் மைலுக்கு அப்பாலும் தெரியும். 1925இல் இதைக் கட்டியவர் டேவிட் ஏ. ஸ்டீவன்சன். ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பம் அது. அவருடைய தாத்தா ராபர்ட்தான் நடுக்கடல் பாறையின் மேல் பெல் ராக் விளக்கை எழுப்பியவர். பர்சே விளக்குக்குத் தொடக்கம் முதலே காவலர் கிடையாது. தானே எரியும்படி அமைக்கப்பட்டது, இப்போது சூரிய மின்சாரத்தில் எரிகிறது. நார்தர்ன் லைட்ஹவுஸ் போர்டு பராமரிக்கிறது. உள்ளே போக முடியாது. ‘காவலர் தன் மனைவியோடு இங்கே தனிமையில் வாழ்ந்தார்’ என்று யாராவது உங்களிடம் கதை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

விளிம்பில் நின்று மேற்கே பாருங்கள். நேர்கோட்டில் போனால் அடுத்த நிலம் கனடாவின் லாப்ரடார். தெற்கே மார்விக் முனையின் மேல் ஒரு கற்கோபுரம் தெரியும். 1916 ஜூன் 5ஆம் தேதி ஜெர்மானியக் கண்ணிவெடியில் சிக்கி ஹாம்ப்ஷயர் என்ற போர்க்கப்பல் அந்தக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதில் இருந்தவர்களுள் ஒருவர் பிரிட்டனின் போர் அமைச்சர் கிச்சனர். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தவர். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பிழைத்துக் கரை சேர்ந்தவர்கள் 12 பேர்.

விளிம்பிலிருந்து சில அடி தள்ளியே நில்லுங்கள். தடுப்பு வேலி கிடையாது. பஃபின்கள் மண்ணில் வளை தோண்டிக் கூடு வைப்பதால் விளிம்போரத்துப் புல்தரை உள்ளே பொள்ளலாக இருக்கலாம். குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது, பஃபினும் மிரளாது. ஃபுல்மர் என்ற சாம்பல் நிறப் பறவையை மட்டும் நெருங்க வேண்டாம். கூட்டருகே யாராவது வந்தால் வயிற்றிலிருந்து நாறும் எண்ணெயைக் குறிபார்த்துத் துப்பும். எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை சட்டையை விட்டுப் போகாது.

இங்கே ஒரு மணி நேரம் போதும். கீழே இறங்குங்கள்.

பிறகு இடிபாடுகள்

முதலில் காட்சியறை. ஊழியர் இருக்கும் கோடை மாதங்களில் இங்கே கட்டணம் வாங்குவார்கள். கிடைத்த பொருட்களில் சில இங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. பத்து நிமிடம்.

வெளியே வந்தால் கல்லறை நிலத்தில் ஒரு பலகைக்கல் நிற்கும். 1935இல் துண்டுகளாகக் கண்டெடுக்கப்பட்ட பிக்ட் சிற்பக்கல்லின் பிரதி அது. அசல் எடின்பரோவில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வைக்கிங்குகள் வருவதற்கு முன் வடக்கு ஸ்காட்லாந்தில் வாழ்ந்தவர்கள் பிக்டுகள். இந்தத் தீவில் 7, 8ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் குடியிருப்பு இருந்தது. கல்லின் மேற்பகுதியில் அவர்களுடைய குறியீடுகள்: பிறை, அதன் மேல் முறிந்த அம்பு போன்ற கோடு, யானைபோலவும் டால்ஃபின்போலவும் தோன்றும் ஒரு விசித்திர மிருகம், கழுகு. கீழே மூன்று வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக நடக்கிறார்கள். நீண்ட அங்கி, ஈட்டி, வாள், சதுரக் கேடயம். முதல் ஆளின் கேடயமும் சுருள்முடியும் மற்றவர்களைவிட அலங்காரமானவை. தலைவன் என்று சொல்லாமலே புரிகிறது. நம் ஊர் நடுகல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே ‘வீரக்கல்’ என்று படும். அவசரப்பட வேண்டாம். நடுகல்லில் பெரும்பாலும் பெயரும் போரும் எழுதியிருக்கும். பிக்ட் குறியீடுகளை இன்றுவரை யாரும் உறுதியாகப் படிக்கவில்லை.

பக்கத்தில் ஒரு சிறு கிணறு. அதைச் சுற்றிய பகுதியில் வெண்கல அணிகலன்கள் வார்க்கப் பயன்பட்ட அச்சுகளும் மூசைகளும் கிடைத்தன. இந்தக் குட்டித் தீவில் பொற்கொல்லர் தரத்தில் வேலை நடந்திருக்கிறது என்றால் இங்கே இருந்தவர்கள் சாதாரணக் குடியானவர்கள் இல்லை. அக்காலத்தில் இது முழுத் தீவாகவும் இல்லாமல் கரையோடு ஒட்டிய முனையாக இருந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதன் பிறகு கடல் அரித்துத் தின்றது.

அடுத்து தேவாலயம். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுவர்கள் இடுப்பளவுக்கு நிற்கின்றன. நீள்சதுர மண்டபம், அதற்கப்பால் சிறிய சதுர அறை, அதன் கிழக்கு முடிவு அரைவட்டம். தூங்கானை மாடக் கோயிலின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வளைவு அந்நியமாகத் தோன்றாது. மண்டபத்துச் சுவரோரம் கல்திண்ணை ஓடுகிறது. வடக்கே ஒரு சிறு முற்றத்தைச் சுற்றி அறைகள், துறவிகள் தங்கியிருக்கலாம். உட்கார்ந்து பாருங்கள். கிழக்கே திரும்பினால் பாதை தெரியும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பழைய வழக்கு உண்டு. ஆர்க்னியின் பிரபுக்களைப் பற்றிய ஐஸ்லாந்துக் கதைநூலான ஆர்க்னியிங்க சாகா, தோர்ஃபின் என்ற பலம்வாய்ந்த பிரபு ரோமாபுரிக்கு யாத்திரை போய்வந்த பிறகு பர்சேயில் நிலையாகத் தங்கி, கிறிஸ்துவுக்கு ஒரு பெரிய ஆலயம் கட்டினார் என்கிறது. இது 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஆர்க்னியின் முதல் ஆயர் பீடம் அதுவே. 1117ஐ ஒட்டி, ஒன்றுவிட்ட சகோதரனின் ஆணையால் கொல்லப்பட்ட மேக்னஸ் பிரபுவின் உடலும் முதலில் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. பிறகு அவர் புனிதராகப் போற்றப்பட்டு, எலும்புகள் கிர்க்வாலுக்குக் கொண்டுபோகப்பட்டன. 1137இல் அங்கே பேராலயம் தொடங்கப்பட்டது. அதன் தூண் ஒன்றுக்குள் 1919இல் ஒரு பெட்டியும், வெட்டுக்காயம் பட்ட மண்டையோடும் கிடைத்தன. வழக்கு என்னவென்றால், தோர்ஃபின் கட்டிய ஆலயம் இந்தத் தீவில் இருந்ததா, எதிர்க்கரைக் கிராமத்தில் இன்றைய செயின்ட் மேக்னஸ் தேவாலயம் நிற்கும் இடத்தில் இருந்ததா? தீவு என்று முன்பு அடித்துச் சொன்னார்கள். இப்போது பலர் கிராமத்தின் பக்கம் சாய்கிறார்கள். எனக்கும் கிராமமே சரியென்று படுகிறது. நாளுக்கு இருமுறை வழி அடைபடும் இடத்தில் ஒரு நாட்டின் முதன்மை ஆலயத்தைக் கட்டி, ஜனங்களை வரச் சொல்வது விவேகமாகத் தெரியவில்லை.

தேவாலயத்துக்கு மேலே சரிவில் நார்ஸ் நீள்வீடுகளின் அடித்தளங்கள். 9ஆம் நூற்றாண்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டியவை. நடுவில் அடுப்புக்குழி, இருபக்கமும் உட்காரவும் படுக்கவும் திண்ணை. சரிவில் கீழ்நோக்கி ஓடும், பலகைக்கல் மூடிய வடிகால்களைத் தேடிப் பாருங்கள். மழைநீரும் கழிவும் வீட்டுக்குள் தங்காமல் இறங்கிப் போகும்படி யோசித்திருக்கிறார்கள். கடலோரம் சற்றுப் பெரிய அறைகள் ஒன்றோடொன்று கோத்ததுபோல் இருக்கின்றன. அகழ்வாய்ந்த தொடக்க காலத்தில் இவற்றைத் தோர்ஃபினின் மாளிகை என்றே அழைத்தார்கள். இன்று அப்படி உறுதியாகச் சொல்வதில்லை. சில சுவர்கள் பாறை விளிம்பில் வெட்டியதுபோல் நிற்கும். மீதி அறை கடலுக்குள் போய்விட்டது. சுவர்களின் மேல் ஏறி நடக்காதீர்கள், இருப்பதே கொஞ்சம்தான்.

திரும்புதல், திரும்ப முடியாமல் போதல்

அலாரம் அடித்ததும் கிளம்புங்கள். பாதைக்கு வரும்போது நீர் ஏற்கெனவே மேலே ஓடத் தொடங்கியிருந்தால் இறங்காதீர்கள். கணுக்கால் அளவு என்று கரையிலிருந்து தெரிவது நடுவில் முழங்காலாக இருக்கும், இழுப்பும் இருக்கும், அடியில் பாசி. கோடையிலும் கடல்நீர் 13 டிகிரியைத் தாண்டுவது அரிது.

தீவு மூழ்காது. எனவே மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்தில்லை, பொறுமைக்குத்தான் சோதனை. அடுத்த வழி திறக்க ஏறக்குறைய எட்டரை மணி நேரம் ஆகும். காற்றுக்கு மறைவாகத் தாழ்ந்த பகுதியில் உட்காருங்கள். யாருக்காவது உடல்நலம் சரியில்லை, குளிர் தாங்கவில்லை என்றால் 999 எண்ணை அழைத்து, கடலோரக் காவல்படை வேண்டும் என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். தண்ணீரில் இறங்கிய பிறகு அழைப்பதைவிட அது எல்லோருக்கும் நல்லது.

கரைக்கு வந்த பிறகு

பாதை திறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கும் இதே பட்டியல் பொருந்தும். கிராமத்தின் நடுவில் பிரபு மாளிகையின் கூரையற்ற சுவர்கள் நிற்கின்றன. ஸ்காட்லாந்தின் மேரி அரசிக்குத் தந்தை ஒன்று, தாய் வேறான சகோதரரான ராபர்ட் ஸ்டூவர்ட் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1468இல் டென்மார்க், நார்வே அரசர் தன் மகளின் சீதனத்துக்கு ஈடாக ஆர்க்னியை ஸ்காட்லாந்து அரசரிடம் அடகு வைத்தார். சீதனப் பணம் வரவில்லை, அடகு மூழ்கிவிட்டது. அதனால்தான் நார்ஸ் பிரபுக்கள் ஆண்ட ஊரில் ஸ்டூவர்ட் மாளிகை.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கிழக்கே கடலோரமாகச் சிறிது தூரம் நடந்தால் ஸ்கிபி ஜியோ என்ற சிறு குடா. படகுகளைக் குளிர்காலத்தில் இழுத்து வைக்க மண்ணில் படகின் வடிவத்திலேயே தோண்டிய பள்ளங்கள் அங்கே வரிசையாக உள்ளன. அதற்கும் சற்று அப்பால் திமிங்கில எலும்பு ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க எல்லோரும் நிற்கும் இடம்.

நேரம் மிச்சமிருந்தால் பர்சே நீராலையையும் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு ஆலை. நீர்ச்சக்கரத்தில் இன்றும் ‘பேர்’ என்ற பழங்காலப் பார்லியை அரைக்கிறது. அந்த மாவில் உள்ளூரில் தட்டை ரொட்டி சுடுகிறார்கள். நான் ஒரு பை வாங்கி வந்து வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு அடையாகத் தட்டினேன். கேழ்வரகு அடைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். கொஞ்சம் கசப்பு, நல்ல புகை மணம். மாவை வெந்நீரில் பிசையுங்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஓரம் வெடித்துவிடும்.